உரைத்துக் கொடுத்த மருந்து

போன மாதம் பள்ளித் தோழிகள் ஆறு பேர் கடற்கரை ரோட்டில் ஓர் ஓட்டலில் கூடினோம். நாற்பதைத் தொடப்போகிறவர்கள் கூடினால் என்ன பேசுவோம் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகளைப் பற்றிக் கால் மணி நேரம், மாமியாரைப் பற்றிக் கால் மணி நேரம், மீதி நேரம் முழுக்க வயிறு. ஆறு பேரில் நான்கு பேருடைய கைப்பையில் நெஞ்செரிச்சலுக்கான மாத்திரை இருந்தது. அதில் ஒருத்தி, வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், கேப்சூலை முழுங்க வராது என்று சொல்லி அதைத் திருகித் திறந்தாள். உள்ளே இருந்த வெள்ளை உருண்டைகளை ஒரு ஸ்பூனில் கொட்டி, இன்னொரு ஸ்பூனின் அடிப்பக்கத்தால் நசுக்கப் போனாள். நான் எட்டி அவள் கையைத் தட்டிவிட்டேன்.

உருண்டைகள் மேசை முழுக்கச் சிதறின. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "என்னாடி, மாத்திரைதானே? நசுக்குனா இன்னா ஆயிடும்?" என்றாள். கை வழுக்கிவிட்டது என்று ஏதோ உளறிச் சமாளித்தேன். நசுக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பதினான்கு வயதிலேயே தெரியும். அன்று அவளிடம் சொல்லாததை என் வயதுக்காரர்களான உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இரண்டாயிரம் பிறந்த அடுத்த வருடம் அது. நான் ஒன்பதாம் வகுப்பு. தங்கைக்கு ஆறு வயது. வீடு முத்தியால்பேட்டையில் ஒரு சந்தின் கடைசியில். அப்பா டெம்போ ஓட்டினார். பஸ் ஸ்டாண்டுக்கும் கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரிக்கும் நடுவே நாள் முழுக்க நோயாளிகளையும் அவர்களுடைய சோற்றுத் தூக்குகளையும் ஏற்றி இறக்குவது அவர் வேலை. ஊரார் நோயையெல்லாம் ஏற்றி இறக்கியவருக்குச் சொந்தப் பிள்ளையின் நோய் கண்ணில் பட ஒரு வருடம் ஆனது. அம்மா நேரு வீதியில் ஒரு புடவைக் கடையில் விற்பனைக்கு நின்றாள். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரை வரைக்கும் உட்காரக் கூடாத வேலை.

தங்கை தின்னிப்பண்டாரமாக இருந்தாள். ஐந்து இட்லி வைத்தால் ஆறாவதற்குக் கையை நீட்டுவாள். மத்தி மீன் குழம்பு என்றால் சட்டியைத் துடைத்து விரலை நக்குவாள். ஆனால் கையும் காலும் முருங்கைக்காயாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் நிற்கும். வெளிக்குப் போனால் எண்ணெய் மிதக்கும். அந்த நாற்றத்துக்கு வீட்டுக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் வாசலைக் கடப்பாள். சாப்பிடுவதெல்லாம் எங்கே போகிறது என்று எல்லோரும் கேட்டார்கள். சோறு போடுகிறாளா என்று சிலர் அம்மாவைப் பற்றியே கேட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் அப்போது ஆளுயர எடை மிஷின் ஒன்று நின்றது, ஞாபகம் இருக்கிறதா? சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் சுற்றும். காசு போட்டால் டக்கென்று ஒரு சின்ன அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். அப்பா மாதம் ஒருமுறை தங்கையை அதன்மேல் ஏற்றுவார். மூன்று மாதமும் பதினான்கு கிலோ. மூன்றாவது அட்டையின் பின்பக்கம், நீங்கள் உண்ணும் உணவு உங்களுக்கு நன்மை தரும் என்று அச்சடித்திருந்தது. அதை நான்தான் சத்தமாகப் படித்தேன். தங்கை கைதட்டிச் சிரித்தாள்.

டவுனில் ஒரு குழந்தை டாக்டர் கடைசியில் கண்டுபிடித்தார். வயதானவர், வெள்ளைக் காகிதத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு பையும் அதற்குப் பின்னால் ஒரு வாழைப்பூ மடலும் வரைந்து காட்டினார்.

"இரைப்பைக்குப் பின்னால இப்படி ஒரு சுரப்பி இருக்கும்மா. கணையம்னு பேரு. சோத்தக் கரைக்கிற தண்ணிய அதுதான் குடலுக்கு அனுப்பணும். இவளுக்கு அது வேலை செய்யல. அதான் தின்னது தின்னபடியே வெளிய வருது. அந்தத் தண்ணில இருக்கற சரக்கத்தான் இந்த மாத்திரைல வச்சிருக்காங்க. ஒவ்வொரு வேளை சாப்பிடறப்பவும் குடுக்கணும்."

"இவளுக்கு முழுங்க வராதுங்களே சார்," என்றாள் அம்மா.

"அப்ப தெறந்து உள்ள இருக்கற உருண்டைய எதுலயாவது கலந்து குடுங்க. ஆனா அப்படியே உள்ள போகணும்."

சொல்லி முடிப்பதற்குள் மணியை அழுத்திவிட்டார். அடுத்த பிள்ளை அழுதுகொண்டே உள்ளே வந்தது. ஏன் அப்படியே போகவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிடத்தை அவர் கொடுத்திருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

உருண்டைகள் கடுகைவிடச் சின்னவை, பழுப்பு நிறம். அம்மா வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் மறக்காமல் ரசஞ்சோற்றில் அவற்றைத் தூவி ஊட்டுவாள். மதியத்துக்கு உள்ள கேப்சூலைத் தங்கையின் சாப்பாட்டோடு வைத்துவிட்டுப் போவாள், ராத்திரிக்கு உள்ளதை வந்து அவளே ஊட்டுவாள். தங்கை சமர்த்தாக வாயைத் திறப்பாள், மெல்லுவாள், தண்ணீர் குடிப்பாள். மத்தி மீன் முள்ளை நாக்காலேயே பிரித்துத் துப்பத் தெரிந்த பிள்ளைக்கு இது ஒரு பெரிய வேலையா? உருண்டைகளைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, அம்மா புடவை மடிப்பைச் சரிசெய்யும் நேரத்தில் கொல்லைக்குப் போய்த் துப்பிவிட்டு வந்திருக்கிறாள். அது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது.

இரண்டு மாதம் கழித்து டாக்டரிடம் போனோம். அத்தையும் கூட வந்திருந்தாள். எடை அதே பதினான்கு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மருந்து குடுக்கறீங்களா இல்லையா?"

"மூணு வேளையும் குடுக்கறன் சார். இதோ பாருங்க, காலி அட்டை எல்லாத்தையும் எடுத்தாந்திருக்கன்."

"அட்டைய எதுக்குக் காட்டற? பிள்ளையக் காட்டு. மருந்து உள்ள போயிருந்தா பிள்ள இப்படியா இருக்கும்? எங்கியோ கொட்டிட்டு வந்து எங்கிட்ட கதை சொல்லாத."

அம்மா அட்டைகளை மறுபடி பைக்குள் வைத்தாள். இரண்டு அட்டைகள் தவறிக் கீழே விழுந்ததை நான் பார்த்தேன். அத்தையும் பார்த்தாள். தடுமாறுகிற கை பொய் சொன்ன கை என்பது அத்தையின் கணக்கு.

அத்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பாவுக்கு அக்கா. அரியாங்குப்பத்தில் சொந்த வீடு. அவள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த மாதிரி ஆட்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம், உங்களுக்குத் தெரியும். அவரோடு இரண்டு வருடம் பிரான்சில் குடித்தனம் செய்தவள் என்பதால், அவர் போன பிறகும் அவளுக்கு சொல்தா வீட்டம்மா என்ற மரியாதை குறையவில்லை. அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத ஒரே ஆள் அவள்தான். அதற்கு மேல் இன்னொரு பெருமையும் அவளுக்கு உண்டு. பச்சைக் குழந்தைக்கு உரை மருந்து கொடுப்பதில் அவளை மிஞ்ச அரியாங்குப்பத்தில் ஆள் கிடையாது. ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, வசம்பு எல்லாவற்றையும் வேகவைத்துக் காயவைத்து ஒரு டப்பாவில் வைத்திருப்பாள். குழந்தையைக் காலில் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டி, கல்லில் ஒவ்வொன்றையும் இரண்டு இழைப்பு இழைத்து, அந்தச் சாந்தைச் சுண்டுவிரலால் வழித்து நாக்கில் தடவுவாள். ஒரு பிள்ளையும் துப்பியதில்லை என்பாள். அது உண்மையும்கூட.

டாக்டரிடம் போய்வந்த மறுநாள், சனிக்கிழமை, எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, அத்தை கொல்லையைக் கழுவினாள். தண்ணீர் போகும் துளையில் பழுப்பு உருண்டைகள் ஒரு பிடி அடைத்துக்கொண்டு கிடந்தன. சில ஊறி வெடித்திருந்தன. அவற்றை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அப்பா மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்.

"பாருடா தம்பி. உன் பொண்டாட்டி ஊட்டுன மருந்து எங்க கெடக்குதுன்னு பாரு."

பிறகு தங்கையைக் கூப்பிட்டாள். "யாரு கண்ணு இத அங்க போட்டது? அம்மாதான?"

தங்கை என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். துப்பியதற்கு அடி விழும் என்று நினைத்திருப்பாள். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். ஆறு வயதுப் பிள்ளை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தலையாட்டலை அப்படியே வாங்கிக்கொண்ட இரண்டு பெரியவர்களைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அம்மா வேலை முடிந்து வந்தபோது கூடத்தில் பஞ்சாயத்து தயாராக இருந்தது. கடைக்குப் போகிற அவசரத்தில் மருந்தைக் கொல்லையில் கொட்டிவிட்டு ஓடுகிறாள், அலங்காரம் செய்துகொள்ள நேரம் இருக்கிறது, பிள்ளைக்கு ஊட்ட நேரம் இல்லை, இரண்டாவதும் பெண்ணாகப் போனதில் இருந்தே இவளுக்கு அதன்மேல் பிடிப்பு இல்லை. அத்தை சொல்லச் சொல்ல அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தங்கையைப் பார்த்துக் கேட்டாள். "நானா கொட்டுனன்?" தங்கை அத்தையின் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள்.

"கொஞ்ச நாளு உங்க அப்பா வீட்டுல இரு," என்றார் அப்பா. "அக்கா பாத்துக்கும்."

பாகூரில் இருந்த தாத்தா வீட்டுக்கு அம்மா ஒரு பையோடு கிளம்பினாள். வாசல்படி இறங்கும்போது திரும்பி அத்தையிடம் ஒன்று சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாலும் தெளிவாகச் சொன்னாள்.

"அண்ணி, அத அப்படியே உள்ள அனுப்பணும்னு டாக்டரு சொன்னாரு. மறந்துடாதீங்க."

"போடி, நீ எனக்கு மருந்து குடுக்கச் சொல்லித் தர்றியா?" என்றாள் அத்தை.

அப்பா அங்கேதான் நின்றார். நானும் நின்றேன். இரண்டு பேர் காதிலும் அது விழுந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தையின் வழி சுலபமானது. உருண்டையாக இருந்தால்தானே துப்ப முடியும்? அரியாங்குப்பத்தில் இருந்து உரைகல்லைக் கொண்டுவந்தாள். கேப்சூலைத் திறந்து உருண்டைகளைக் கல்லில் கொட்டி, இரண்டு சொட்டு வெந்நீர் விட்டு, ஜாதிக்காயை வைத்து இழைப்பதுபோல ஒரு மரக்கட்டையால் இழைத்தாள். பழுப்புச் சாந்து ஒன்று வந்தது. காய்ந்த ஆட்டு ஈரலும் பழைய பசையும் கலந்தாற்போல ஒரு கவிச்சி நாற்றம். தங்கையின் தாடையைப் பிடித்து நாக்கில் தடவி, மேலே ஒரு ஸ்பூன் தேன். ஒரு துளி வெளியே வரவில்லை.

"பாத்தியாடா? இதுக்குப் போயி ரெண்டு மாசம் நாடகம் ஆடுனா அவ."

மூன்றாம் நாள் அந்த வேலை எனக்கு வந்தது. அத்தைக்கு மணிக்கட்டில் வலி. நான் இழைப்பதைப் பார்த்துவிட்டு, "உன் கை நல்ல கை. உங்கம்மா கை மாதிரி இல்ல. இந்தக் கைல குடுத்தா எந்தப் புள்ளயும் தேறும்" என்று என் தலையைத் தடவினாள். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. அதுவரைக்கும் அந்த வீட்டில் யாரும் என்னை எதற்கும் மெச்சியதில்லை. காலையில் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்னால் உட்கார்ந்து ராணிபோல இழைத்தேன். கல்லில் அந்த உருண்டைகள் முதலில் நறநற என்று உடையும், பிறகு வழவழ என்று ஆகும். விரல் நுனி லேசாகக் காந்தும்.

மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன். எங்கள் அறிவியல் டீச்சர் வகுப்புக்கே சோதனைக் குழாய்களைக் கொண்டுவந்தார். ஒன்பதாம் வகுப்புக்காரிகளைச் சோதனைச்சாலைக்குள் விடமாட்டார்கள், எதையாவது உடைப்போமாம். ஒரு பெண்ணைக் கூப்பிட்டு டம்ளரில் எச்சில் துப்பச் சொன்னார். வகுப்பே சிரித்து உருண்டது. இரண்டு குழாயில் கஞ்சித்தண்ணி, இரண்டிலும் அந்த எச்சில். ஒன்றில் மட்டும் அமிலம் சில சொட்டு. கொஞ்ச நேரம் கழித்து இரண்டிலும் அயோடின் விட்டார். ஒன்று வெறும் டீத்தண்ணி நிறத்தில் நின்றது. அமிலம் விட்டது கருநீலமாக மாறியது, மைக்கூட்டைக் கவிழ்த்தமாதிரி.

"நீலமா இருந்தா என்னா அர்த்தம்? மாவுச்சத்து அப்படியே இருக்குன்னு அர்த்தம். எச்சில்ல இருக்கற நொதி அத உடைக்கல. ஏன் உடைக்கல? அமிலம் அத கெடுத்துடுச்சி."

பிறகு கரும்பலகையில் வயிற்றை வரைந்தார். இரைப்பையில் இருப்பது கடும் அமிலம் என்றார். அங்கே சுரக்கிற நொதி அந்த அமிலத்தில்தான் வேலை செய்யுமாம், அமிலம் இல்லையென்றால் அது சும்மா கிடக்குமாம். கணையத்தில் இருந்து குடலுக்கு வருகிற நொதிகளுக்கு நேர்மாறு. அவற்றுக்கு அமிலமே ஆகாது. அதனால்தான் கணையம் அமிலத்தை முறிக்கிற காரத்தையும் சேர்த்தே அனுப்புகிறது என்றார்.

நான் எழுந்து நின்றேன். எழுந்து நிற்கிற ரகம் இல்லை நான்.

"டீச்சர், கணையத்துல வர்ற நொதிய வாய் வழியா மாத்திரையா குடுத்தா?"

"நல்ல கேள்வி. வெறுமனே குடுத்தா பாதிக்கு மேல இரைப்பையிலயே கெட்டுப்போயிடும். அதுக்குத்தான் மேல ஒரு பூச்சு பூசியிருப்பாங்க. அந்தப் பூச்சு அமிலத்துல கரையாது, குடலுக்குப் போயி அமிலம் கொறஞ்ச பிறகுதான் கரையும். அதனால அந்த மாதிரி மருந்த மெல்லக் கூடாது, உடைக்கக் கூடாது. யாருக்காவது குடுக்கறீங்களா?"

"இல்ல டீச்சர். சும்மா கேட்டன்."

உட்கார்ந்தேன். பெஞ்சுக்குக் கீழே என் விரல் நுனிகளைப் பார்த்தேன். பூச்சு உடைகிற அந்த நறநற சத்தம் காதில் கேட்டது. மூன்று வாரமாகத் தங்கைக்கு நான் கொடுத்தது மருந்தே இல்லை.

அந்த வாரமே அம்மா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். பாகூரில் இருந்து தினமும் பஸ்ஸில் கடைக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தாள். வீட்டுக்கும் கடைக்கும் பத்து நிமிடத் தூரம், ஆனாலும் பிள்ளையைப் பார்க்க உத்தரவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் கடைப் புடவையோடு ஓடிவந்திருந்தாள். முகம் வியர்த்திருந்தது.

"சின்னவ எப்படி இருக்குது?"

"இருக்குதும்மா."

"மருந்த எப்படிக் குடுக்கறாங்க?"

"அத்த ஒரச்சிக் குடுக்கறாங்க."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "அப்படியே போகணும்னு சொன்னாரேடி. ஏன்னு எனக்குத் தெரியல. ஆனா சொன்னாரு. நான் சொன்னா பொய்யின்னுவாங்க. நீ படிக்கிறவ, நீ சொன்னா கேப்பாங்க. சொல்லுவியா?"

ஏன் என்று எனக்குத் தெரியும். அதை அவளிடமாவது அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால், யார் இழைக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டி வரும். சரி என்று தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் ஆரம்பித்தேன். "அத்தே, எங்க டீச்சர் இன்னா சொன்னாங்கன்னா, இந்த மாதிரி மருந்த ஒடைக்கக் கூடாதாம்..."

அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"உங்கம்மா சொல்லிக் குடுத்தாளா?"

"இல்ல அத்தே, டீச்சர்..."

"பள்ளிக்கூடத்து வாசல்ல வந்து நின்னாளாமே. எதிர் கடைக்காரன் பாத்துட்டு வந்து சொல்றான். புள்ளைய விட்டு வேவு பாக்கறாளா?"

அப்பா வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்து என் முன்னால் நின்றார். "இனிமே அவ அங்க வந்தா எங்கிட்ட சொல்லணும். தெரியுதா?"

இன்னும் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் போதும். அமிலம், பூச்சு, குடல், மூன்று வார்த்தை. அப்பா டீச்சரைப் போய்க் கேட்டிருக்கலாம், டாக்டரைக் கேட்டிருக்கலாம். நான் பேசவில்லை. அம்மாவுக்கு இன்னும் கெட்ட பெயர் வருமே என்று பயந்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. மீதி என்னவென்றால், நல்ல கை என்ற பட்டத்தை இழக்க எனக்கு மனசு வரவில்லை. இப்போது இந்த வயதில் அதை நான் நேராகச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு திருட்டு வேலை செய்து பார்த்தேன். கட்டையை அழுத்தாமல் மேலோட்டமாக இழைத்து, பாதி உருண்டைகளை முழுசாக விட்டு, சாந்துக்குள் மறைத்துக் கொடுத்தேன். முதல் வேளையிலேயே தங்கை ஓங்கரித்தாள். அத்தை சுண்டுவிரலைக் கல்லில் வைத்துப் பார்த்தாள். "நொறநொறன்னு இருக்குது. இன்னா அவசரம் உனக்கு? நீயும் உங்கம்மா மாதிரி ஆயிடாத. நல்லா ஒர."

நன்றாகவே உரைத்தேன். தெரிந்தே, இன்னும் மூன்று வாரம். அம்மா வாசலுக்கு வந்த நாட்களில் பின்பக்கக் கேட் வழியாக வீட்டுக்குப் போனேன். சில நாளுக்குப் பிறகு அவளும் வருவதை நிறுத்திவிட்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தங்கைக்கு வாயெல்லாம் புண். உதட்டோரம் வெடித்து, நாக்கு சிவந்து, பசியோடு தட்டைப் பார்த்து அழுவாள், ஒரு வாய் வைத்ததும் வலியில் அழுவாள். உடம்புச் சூடு என்று அத்தை வெண்டைக்காயும் இளநீரும் கொடுத்தாள். ஒருநாள் காலை பள்ளிக்கூடச் சீருடையில் நின்றபடியே தங்கை கண் செருகி விழுந்தாள். அப்பா டெம்போவில் ஏறியிருந்த ஆட்களை இறக்கிவிட்டுத் திருப்பிக்கொண்டு வந்தார். தங்கையைத் தூக்கியவர், பள்ளிக்கூடப் பையைத் தூக்கினால்கூட இதைவிடக் கனமாக இருக்கும் என்றார்.

கிளினிக்கில் வயதான டாக்டர் வெளியூர் போயிருந்தார். அவர் இடத்தில் ஓர் இளம் லேடி டாக்டர் இருந்தார். குளூகோஸ் ஏற்றிவிட்டுத் தங்கையின் வாயைத் திறந்து டார்ச் அடித்தார். பழைய சீட்டைப் பார்த்தார். மறுபடி வாயைப் பார்த்தார்.

"இது சூட்டுப் புண்ணு மாதிரி தெரியல. இந்த மருந்த எப்படிக் குடுக்கறீங்க?"

அத்தை முன்னால் வந்தாள். "ஒரச்சித்தாங்க டாக்டர். ஒரு துளி வீணாக்காம நாக்குல வச்சிடுவோம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தன நாளா?"

"ஒரு ஒன்றரை மாசமா."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாக, பாடம் நடத்துவதுபோலச் சொன்னார். உருண்டையின் மேல்பூச்சு எதற்கு, உடைத்தால் உள்ளே இருப்பது இரைப்பை அமிலத்தில் எப்படிக் கெட்டுப்போகும், போவதற்கு முன்னால் வாயிலேயே தங்கி நாக்கையும் கன்னத்தையும் எப்படி அரிக்கும். ஒவ்வொரு வார்த்தையும் அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது.

"இத ஒடைக்கக் கூடாதுன்னு யாருமே உங்களுக்குச் சொல்லலையா?"

அந்த அறையில் அத்தை இருந்தாள், அப்பா இருந்தார், நான் இருந்தேன்.

"யாரும் சொல்லலீங்களே டாக்டர்," என்றாள் அத்தை.

அப்பா சுவரில் இருந்த குழந்தை படத்தைப் பார்த்தார். வாசல்படியில் நின்று அழுதபடி அம்மா சொன்னது அவர் காதில் விழுந்ததை நான் பார்த்தவள். இப்போதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. பிறகு டாக்டர் என்னைப் பார்த்தார், பெரிய பெண் என்பதால் பார்த்திருப்பார். நானும் இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டினேன். ஆறு வயதுத் தங்கை ஆட்டிய அதே தலையாட்டல். அவளுக்காவது வயது ஆறு.

பூவன்பழத்தை நசுக்கி ஒரு சின்ன உருண்டையாக்கி, அதற்குள் மருந்து உருண்டைகளை வைத்து, நீட்டிய நாக்கின் பின்பக்கம் வைத்து மெல்லாமல் முழுங்கச் சொல்லி லேடி டாக்டரே பழக்கினார். இரண்டே நாளில் தங்கை கற்றுக்கொண்டாள். கொல்லையில் துப்பியது தான்தான் என்று அவரிடம்தான் முதலில் சொன்னாள். பத்து நாளில் மலத்தில் எண்ணெய் மிதப்பது நின்றது. தை பிறப்பதற்குள் மூன்று கிலோ கூடியது. அதாவது, முதல் நாளே அந்த வயதான டாக்டர் ஒரு நிமிடம் உட்கார்ந்து காட்டியிருந்தால் முடிந்திருக்கவேண்டிய விஷயம்.

அம்மாவை அழைத்துவர அப்பா டெம்போவில் பாகூருக்குப் போனார். நானும் போனேன். "வந்துடு, சின்னவ தேடுது," என்றார், ஏதோ அவளாகக் கோபித்துக்கொண்டு வந்தவள்போல. வேறு எதுவும் சொல்லவில்லை. வீட்டில் அத்தை அம்மாவைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். "நான் நல்லதுக்குன்னுதான செஞ்சன், எனக்கு இன்னா தெரியும்?" என்று மாரில் அடித்துக்கொண்டாள். வீட்டுக்காரம்மாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடி, பாவம், பாசத்தில் செய்தது, மனசை விடாதீங்க என்று தேற்றினார்கள். யாரைத் தேற்றினார்கள் என்று நினைக்கிறீர்கள்? அத்தையைத்தான். அம்மா பையைக்கூட இறக்கி வைக்காமல் உள்ளே போய் அவளுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். மருந்து கொட்டாத அம்மாவுக்குக் கூடத்தில் வைத்துப் பஞ்சாயத்து நடந்தது. மருந்தைக் கெடுத்த அத்தைக்கும் எனக்கும் ஒரு கேள்வியும் இல்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா என் தலையை வாரிவிட்டாள். "நீ சொல்லியிருப்ப. எனக்குத் தெரியும். அவங்கதான் கேட்டிருக்க மாட்டாங்க," என்றாள். நான் "ம்" என்றேன்.

தங்கை இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு வேளைக்கும் கேப்சூலை அப்படியே முழுங்கிவிட்டு நன்றாகச் சாப்பிடுகிறாள். அவளுக்கு அந்த மழைக்காலம் பாதி மறந்துவிட்டது. அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள், அப்பாவும் இல்லை. அம்மா என்னோடுதான் இருக்கிறாள், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. திடமாகத்தான் இருக்கிறாள், ஒரே ஒரு பழக்கம்தான். என் மகனுக்கு ஜுரம் என்றால் அவள்தான் மருந்து கொடுப்பாள், ஆனால் தனியாக இருக்கும்போது கொடுக்கமாட்டாள். அளவு மூடியில் ஊற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நான் சமையலறையில் இருந்தாலும் குளியலறையில் இருந்தாலும் கூப்பிடுவாள்.

"இங்க வாம்மா. வந்து நின்னு பாரு. நான் குடுக்கறன்."

இருபத்துச் சொச்சம் வருடமாக ஒரு வேளைகூடத் தவறியதில்லை. அவள் கொடுக்கும் பாரசிட்டமால் துளி முதல், தங்கை ஊருக்கு வரும்போது அவளுக்கு எடுத்து நீட்டும் கேப்சூல் வரை எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் பார்க்கவேண்டும். அந்த ஆள் நான்தான். வேறு யாரையும் அவள் நம்புவதில்லை.

நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் நிற்கிறேன். அவன் முழுங்கியதும் அம்மா காலி மூடியை என் முகத்துக்கு நேரே கவிழ்த்துக் காட்டுகிறாள்.

"பாத்துட்டன்ம்மா," என்கிறேன்.